மேட்டுப்பாளையத்து ரூட்டரும் முத்தியால்பேட்டை போனும்

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லை. அம்மாவிடம் சொன்னால் போதும். அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் வேலை மாறியது அம்மா சொல்லித்தான் அக்காவுக்குத் தெரியும். நானும் அக்காவும் சண்டை போட்டால்கூட அம்மா வழியாகத்தான் போடுவோம். அவள் திட்டியதை எனக்குக் கொஞ்சம் குறைத்தும், நான் முணுமுணுத்ததை அவளுக்குக் கொஞ்சம் சர்க்கரை தடவியும் அம்மா கொண்டு சேர்ப்பாள். அந்த வேலையை அவள் விரும்பிச் செய்தாளா என்று நாங்கள் கேட்டதில்லை.

அக்கா பிரான்சில் இருந்தாள். மாமா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் சிப்பாய்க்கு அதுதான் பெயர். அம்மா முத்தியால்பேட்டையில் வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். நான் கல்யாணத்துக்குப் பிறகு அதே ஊரில் மூலக்குளம் பக்கம் வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி வாக்கில், அங்கே சர்ச்சில் காலைப் பூசை முடித்துவிட்டு அக்கா அம்மாவின் போனுக்கு அடிப்பாள். இங்கிருந்து யாரும் அங்கே அடிப்பதில்லை. பிரான்சில் ஆள் இருக்கிற வீடு எதுவானாலும் இந்த ஊரில் அப்படித்தான். அங்கே இருப்பவர்கள் அடிக்க வேண்டும், இங்கே இருப்பவர்கள் எடுக்க வேண்டும். அதனால் அக்காவின் நம்பர் அம்மாவுக்கே தேவைப்பட்டதில்லை. கேட்டால், "அவதான் அடிக்கிறாளே, நம்பர வெச்சி நான் என்னா பண்றது?" என்பாள்.

என்னிடம் அவளுடைய பழைய நம்பர் ஒன்று இருந்தது. அந்த வருஷம் மாமாவுக்கு ஊர் மாற்றம் வந்து அவர்கள் வேறு இடத்துக்குப் போனார்கள். அதே சமயத்தில் எனக்குக் கம்பெனியில் புது மொபைல் கொடுத்தார்கள். கம்பெனிக்குக் கருவிகள் விற்ற வெளிநாட்டுக்காரர்களோடு பேச வேண்டும் என்பதால் வெளிநாட்டுக்கு அடிக்கும் வசதியோடு கொடுத்தார்கள். பழைய மொபைலையும் அதன் நம்பரையும் விட்டுவிட்டேன். புது நம்பரை அம்மாவிடம் சொல்லி, "அக்காகிட்ட சொல்லிடு," என்றேன்.

"ஞாயித்துக்கெழம சொல்றேன்," என்றாள் அம்மா.

அந்தச் சனிக்கிழமை மாலை, கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆகஸ்ட் மாதம். மறுநாள் சாயங்காலமே அடக்கம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய நம்பருக்கு அடித்தேன். ஒரு பெண்ணின் பதிவுக் குரல் பிரெஞ்சில் ஏதோ சொன்னது. நம்பர் என்று பொருள்படும் நுமெரோ என்ற ஒரு வார்த்தைதான் எனக்குப் புரிந்தது.

நாலு மணிக்கு அம்மாவின் போன் அடித்தது. சர்ச்சிலிருந்து சாமியார் வந்து ஜெபம் ஆரம்பித்திருந்தார், சவப்பெட்டியை மூட ஆட்கள் நின்றார்கள். நான்தான் எடுத்தேன். "என்னாடா, நீ அங்க இருக்க? அம்மாகிட்ட குடு," என்றாள் அக்கா. சொன்னேன். "நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்கடா," என்றாள்.

"சாமியார் வந்துட்டாருக்கா," என்றேன்.

லைன் போய்விட்டது. அவளாக வைத்தாளா, அறுந்துபோனதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைக் கூப்பிட்டார்கள், போனேன்.

அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. முப்பதாம் நாள் பூசை வந்தது, போனது. அம்மா முகத்தைப் பார்க்கவிடாமல் புதைத்துவிட்டான் என்று அக்கா என்னைத் தலைமுழுகிவிட்டாள் என முடிவு கட்டினேன். என் மனைவி மட்டும், "கோவமா இருந்தா திட்டவாச்சும் அடிப்பாங்க," என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உடன்பிறந்தவள் என்று எனக்கு அவள் ஒருத்திதான். அவளையும் இழந்துவிட்டேன் என்று நினைத்தபோதுகூட ஒன்றும் ஆகவில்லை. வலிக்க வேண்டும் என்று தெரிந்தது, வலிக்கவில்லை. மரத்துப்போன காலின் மேல் எறும்பு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. சாப்பிட்டேன். வேலைக்குப் போனேன். அம்மா செத்து அழாத பிள்ளை என்று சித்தி என் முதுகுக்குப் பின்னால் சொன்னதும் தெரியும். சரிதான் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பரில் வாடகை வீட்டைக் காலிபண்ணும் வேலை ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் அம்மாவின் பீரோவை ஏற்றப் போனபோது, பக்கத்து வீட்டில் துணி தைக்கும் அம்மா வாசலுக்கு வந்தார்.

"தம்பி, உங்க வீட்ல போன் அடிச்சிக்கிட்டே இருக்குதுப்பா. யாருன்னு பாரு."

"ராங் நம்பரா இருக்கும்மா," என்றேன். அவர் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. ஆள் இல்லாத வீட்டில் எது அடித்தால் என்ன என்றுதான் இருந்தது. போன் ஆபீசில் லைனைத் திருப்பிக் கொடுப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அக்டோபர் முதல் வாரத்தில் ஆள் வந்து கருவியைக் கழற்றிக்கொண்டு போனார்.

இனி என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுருக்கமாகவே சொல்கிறேன். இதைக் கேட்கும் யாரும் ஐந்தாவது நிமிடத்தில் கொட்டாவி விடுவார்கள் என்பது என் அனுபவம். என் மனைவி மூன்றாவது நிமிடத்திலேயே விடுவாள்.

ஊரில் கேபிள் டிவி நடத்திய ஒரு கம்பெனி, இன்டர்நெட் ஒயரிலேயே டிவியும் அனுப்பிப் பார்க்கலாம் என்று இறங்கியது. அதற்கு ரூட்டர்களை அமைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு சேனலை ஆயிரம் வீடு பார்க்கிறது என்றால் ஆயிரம் பிரதி அனுப்பக் கூடாது, ஒயர் தாங்காது. ஒரே பிரதியை அனுப்பி, தெரு பிரிகிற இடத்தில் மட்டும் பிரித்துக்கொள்ள வேண்டும். இதற்கு மல்டிகாஸ்ட் என்று பெயர். வீட்டில் இருக்கிற பெட்டி பக்கத்து ரூட்டரிடம், எனக்கு இந்தச் சேனல் வேண்டும் என்று கேட்கும். சிக்கல் என்னவென்றால், அந்தச் சேனல் எங்கேயிருந்து கிளம்புகிறது என்று அந்த ரூட்டருக்குத் தெரியாது. அனுப்புகிறவருக்கும், கேட்கிறவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அதனால் நடுவில் ஒரு ரூட்டரைச் சந்திக்கிற இடமாக வைப்பார்கள். என்னிடம் இது இருக்கிறது என்று அனுப்புகிறவர் அங்கே சொல்லி வைப்பார். எனக்கு அது வேண்டும் என்று கேட்கிறவர் அங்கே போய்க் கேட்பார். இரண்டு பேரும் ஒருதரம் சந்தித்துவிட்டால், அப்புறம் தங்களுக்குள் கிட்டத்து வழியைப் பிடித்துக்கொள்வார்கள். நடுவில் இருப்பதை மறந்துவிடுவார்கள். ஆனால் முதல் சந்திப்புக்கு அது இல்லாமல் முடியாது.

சரி, அந்தச் சந்திக்கிற இடம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு ரூட்டருக்கும் யார் சொல்வது? இங்கேதான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. ஒவ்வொரு ரூட்டரிலும் அதன் விலாசத்தைக் கையால் எழுதி வைக்கலாம். சின்ன ஊருக்கு அது போதும். இல்லையென்றால், சந்திக்கிற இடமாக இருக்கத் தகுதியுள்ள ரூட்டரே, நான் இருக்கிறேன், என்னிடம் வாருங்கள் என்று ஊருக்கு அறிவிக்க வேண்டும். இப்படி அறிவிக்கிறவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து இன்னொரு ரூட்டர் எல்லோருக்கும் சொல்லும். அந்த அறிவிப்பை எல்லோருக்கும் கொண்டுபோகவே ஒரு சந்திக்கிற இடம் வேண்டுமே என்று கேட்டால், சரியான கேள்வி. அதற்கென்று ஒரு விலாசத்தைப் பிறக்கும்போதே எல்லா ரூட்டருக்கும் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்த விலாசத்துக்கு வருவதை மட்டும் ஒருத்தரையும் கேட்காமல் எல்லாத் தெருவிலும் ஊற்றிவிடுவார்கள். தேர்தல் சமயத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ போகுமே, அந்தக் கதைதான்.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அறிவிப்பைக் கேட்டுத் தெரிந்துகொண்டது புதுப்பித்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். சொன்னவர் வாயை மூடிவிட்டால், சில நிமிடங்களில் ரூட்டர் அவரை மறந்துவிடும். கையால் எழுதியது அப்படியில்லை. எழுதப்பட்டவர் செத்தாலும் அது அழியாது.

அக்டோபர் கடைசியில் எங்கள் பழைய சந்திப்பு ரூட்டரை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தோம். புதியது தானே அறிவித்துக்கொள்ளும். எல்லாப் பகுதிகளும் ஒழுங்காக மாறிக்கொண்டன என்றுதான் நினைத்தோம். மறுநாள் காலை, புகார் போன் எடுக்கிற பெண் என் மேஜைக்கு வந்தாள்.

"சார், மேட்டுப்பாளையத்துல இருந்து ஓயாம போன். ஓடிக்கிட்டு இருந்த சேனல் ஓடுதாம். வேற சேனல் மாத்துனா இருட்டாம். பொய் சொல்றாங்களா, என்னா?"

பொய்யில்லை. ஏற்கெனவே சந்தித்தவர்களுக்கு நடுவில் ஆள் தேவையில்லை, அதனால் ஓடியது ஓடியது. புதிதாகக் கேட்டவர்களுக்குத்தான் இருட்டு.

எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களுக்கான ரூட்டருக்குள் போய்ப் பார்த்தேன். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ஆரம்ப காலத்தில் அதில் பழைய விலாசத்தைக் கையால் எழுதியிருந்தார். எழுதியதோடு நிற்காமல், வேறு யார் அறிவித்தாலும் கேட்காதே, இதையே நம்பு என்று கூடுதலாக ஒரு வார்த்தையும் சேர்த்திருந்தார். பயந்த சுபாவம் போலிருக்கிறது. புது அறிவிப்பு அதன் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அது பொருட்படுத்தவில்லை. இல்லாத விலாசத்தை நோக்கி நிமிடத்துக்கு ஒருதரம், எனக்கு இது வேண்டும், எனக்கு இது வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் வராததைப் பற்றி அது யாரிடமும் புகார் சொல்லவில்லை. அதன் விளக்குகள் எல்லாம் பச்சையாகவே எரிந்தன.

அந்த ஒரு வரியை அழித்தேன். கொஞ்ச நேரத்தில் அது அறிவிப்பைக் கேட்டுப் புது இடத்தைப் பிடித்துக்கொண்டது. "படம் வந்துடுச்சாம் சார்," என்று அந்தப் பெண் அங்கிருந்தே சொன்னாள்.

நான் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பதில் இல்லாத இடத்துக்கு விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது. இதை யாரோ என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களே என்று தோன்றியது. தையல்கார அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டைக்குப் போனேன்.

"அந்தப் போன் எப்பம்மா அடிச்சிது?" என்று கேட்டேன்.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவர் யோசித்தார். "ஞாயித்துக்கெழமதான். நாலு மணி இருக்கும். முழுக்க அடிச்சிட்டு நிக்கும், திரும்பியும் அடிக்கும். இப்ப அடிக்கறதில்லப்பா. பொட்டியதான் கழட்டிக்கினு போயிட்டாங்களே."

சாவி என்னிடம் இன்னும் இருந்தது. வீட்டைத் திறந்து உள்ளே போனேன். போன் இருந்த அலமாரித் தட்டில் தூசி படியாத ஒரு சதுரமும், சுவரிலிருந்து வந்த ஒயரின் நுனியும் இருந்தன. அக்கா கோபத்தில் இல்லை. அவள் அடித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த லைனை எடுத்துவிட்டேன். இப்போது அவள் என்ன நினைப்பாள் என்று யோசித்தேன். நான் என்ன நினைத்தேனோ அதையேதான் அவளும் நினைப்பாள். தம்பி தலைமுழுகிவிட்டான். அப்போதும் அழுகை வரவில்லை.

பிறகு அவள் நம்பரைத் தேடினேன். மாமாவோடு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒருவர் குருசுக்குப்பத்தில் இருந்தார். மாமா மாறிப்போன ஊரின் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது, நம்பர் தெரியவில்லை. மாமா குடும்பத்தில் எல்லோருமே பிரான்சுக்குக் குடிபோனவர்கள், இங்கே கேட்க ஆளில்லை. சித்தியிடம் கேட்டேன். "அம்மாவுக்குத்தாண்டா தெரியும்," என்றாள். சொன்ன பிறகு, தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்து உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைக்கு எங்கே போக வேண்டும் என்று எங்கள் ஆட்களில் யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. முந்தின நாளே உப்பளம் கல்லறையில் அம்மாவின் குழிமேட்டுக்கு வெள்ளை அடித்து வைத்திருந்தேன். காலையில் மனைவியோடு போய்ச் சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றினோம். சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார், போனார். வெயில் ஏறியது. "போலாமா?" என்றாள் மனைவி. "நீ போ," என்றேன். யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அக்கா வருவாள் என்று நம்பினேன் என்றால் அது பொய். வேறு இடம் எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

காற்றில் வத்தி அணைந்துகொண்டே இருந்தது. மறுபடி ஏற்றிக்கொண்டே இருந்தேன். மதியம் தாண்டி, கூட்டம் குறைந்த நேரத்தில், சக்கரம் வைத்த ஒரு பெட்டியை மண்ணில் இழுத்துக்கொண்டு அக்கா வந்தாள். விமானத்திலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். முழங்கால் போட்டு உட்கார்ந்து, சுண்ணாம்பு கையில் ஒட்ட அந்த மேட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன்.

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு, "அன்னிக்கு நீ போன வெச்சிட்டியாக்கா?" என்று கேட்டேன்.

"போன் கார்டு தீந்துபோச்சிடா. வேற கார்டு வாங்கிக்கினு வந்து அடிச்சேன். யாரும் எடுக்கல."

நாங்கள் எல்லோரும் அப்போது இதே கல்லறையில் இருந்திருப்போம்.

"என் புது நம்பர அம்மாகிட்ட சொல்லியிருந்தேன்," என்றேன்.

"நானும் என் நம்பர அம்மாகிட்டதான் சொன்னேன். தம்பிக்கு எழுதிக் குடுன்னு."

இருவரும் மேட்டைப் பார்த்தோம்.

"வாராவாரம் அம்மா நம்பருக்கே அடிச்சியாமே. அங்க யாருக்கா இருக்கா எடுக்க?"

"தெரியும்டா. வேற எங்க அடிக்கறது?" என்றாள் அக்கா. "அது அடிக்கிற வரைக்கும் வீடு இருக்கு, நீ என்னிக்காச்சும் வந்து எடுப்பன்னு இருந்தேன். போன மாசம் அடிச்சா, இந்த நம்பர் இல்லன்னு ஒருத்தி சொல்றா. அதுக்கப்பறம் அங்க ஒக்காந்து என்னா பண்றது? டிக்கெட் போட்டுட்டேன். இன்னிக்கு நீ எங்க இருப்பன்னு யாரையாச்சும் கேக்கணுமா?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆகஸ்டிலிருந்து சேர்ந்தது எல்லாம் வந்தது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சுற்றி இருந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த இடத்தில் அழுகிறவனை யாரும் பார்ப்பதில்லை.

அடங்கிய பிறகு என் மொபைலை எடுத்தேன். அக்கா அவள் நம்பரை மெதுவாக, பிரெஞ்சில் எண்ணித் தமிழில் மாற்றிச் சொன்னாள். பதிந்துகொண்டேன்.

"சரியா பதிஞ்சியா? ஒருதரம் அடிச்சிப் பாரு," என்றாள்.

"நீதான் இங்க நிக்கிறியே. அங்க யாரு எடுப்பா?"

"யாரும் எடுக்க மாட்டாங்க. மாமா வேலைக்குப் போயிருப்பாரு, புள்ளைங்க அவர் தங்கச்சி வீட்ல. நீ அடி."

அடித்தேன். அவள் தலையை என் பக்கமாகச் சாய்த்தாள்.

"அடிக்குதா?"

"அடிக்குதுக்கா."

நின்றுபோகும்வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.